சாட்டிலைட் கிரிகரி சொன்ன தேதி

கிரிகரி அண்ணனுக்கு ஷா ஆலமில் ஒரு நிலப்படக் கம்பெனியில் வேலை. என்ன வேலை என்று கேட்டால் "மேப்பிங்" என்பார். காலையில் எஞ்சினியர்களை வெள்ளை வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவதும், மாலையில் திரும்ப ஏற்றி வருவதும்தான் அந்த மேப்பிங்கில் அவர் பங்கு. அதை அவர் வாயால் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. சட்டைப் பையில் இரண்டு பேனா, கழுத்தில் கம்பெனி அட்டை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் அந்த அட்டையோடுதான் போவார். ஆண்டவருக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போய்விடும் என்று பயம் போலிருக்கிறது.

பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில். அவருடைய அப்பா ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவர். ஆனால் மெயில் வண்டி தன்னைக் கேட்டுத்தான் புறப்படும் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். ஆக, இது குடும்பச் சொத்து. கல்யாணத்துக்குப் பிறகு கிள்ளானில் எங்கள் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, வந்தார். வந்த பிறகு எங்களுக்குத் தெரியாதது எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த மனிதரைப் பற்றிப் பொல்லாப்பாக எழுத எனக்கு ஆசை இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதினாலே பொல்லாப்பாகத்தான் வருகிறது. முருகன் மன்னிக்கட்டும்.

ஆற்றோரத்தில் நாங்கள் சில குடும்பங்கள் அரசாங்க நிலத்தில் பயிர் வைத்திருந்தோம். நான் கீரை போட்டிருந்தேன். எனக்கு அடுத்த கொல்லை இராஜம்மாவுடையது, வாழை. பழத்துக்கு இல்லை, இலைக்கு. புருஷன் போன பிறகு பிள்ளைகளை வளர்த்தது அந்த இலைதான். விடியும் முன்பே வெட்டிக் கட்டி, லோரியில் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளுக்கு ஏற்றி விடுவார். நிலத்துக்குச் சீட்டு ஒன்றும் கிடையாது. போ என்றால் போக வேண்டியதுதான்.

தொண்ணூற்று ஐந்தாம் வருடம் கிரிகரி ஒரு செய்தி கொண்டுவந்தார். சாட்டிலைட்டை வைத்து வட்டாரம் முழுவதையும் படம் எடுக்கப் போகிறார்களாம். படத்தில் எங்கே பசுமை தெரிகிறதோ அங்கே பயிர் செய்கிறவர்களுக்கு லைசென்ஸ் கொடுப்பார்களாம். பசுமை தெரியாத இடத்தை வேறு திட்டத்துக்கு எடுத்துக்கொள்வார்களாம். இதற்குப் பெயர் பசுமைப் பொருளாதாரம் என்றார். அந்தச் சொல்லை ஏதோ தான் பெற்ற பிள்ளைக்கு வைத்த பெயர் மாதிரி சொன்னார். அன்றிலிருந்து கம்பத்தில் அவர் பெயர் சாட்டிலைட் கிரிகரி. கேலியாக வைத்ததுதான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். வேனில் எஞ்சினியர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு, படம் எடுக்கும் நாளையும் தெரிந்துகொண்டு வந்துவிட்டார். வருகிற புதன்கிழமை காலையில் அது நம் தலைக்கு மேலே போகும், அதற்குள் கொல்லையைச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்.

நாங்கள் ஏன் கேட்டோம் என்றால், நாங்கள் எல்லாரும் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். பெரிய துரை பார்வையிட வருகிறார் என்றால் லயத்து வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், சாக்கடையைத் தேய்ப்பார்கள், வாசலில் ஒரு புல் இருக்கக் கூடாது என்று மண் தெரியச் செதுக்குவார்கள். செதுக்கின மண்தான் மரியாதை. பெரிய இடத்திலிருந்து பார்வை வருகிறது என்றதும் கை தானாகப் பாராங் கத்தியைத் தேடியது.

இராஜம்மா மட்டும்தான் கேட்டார். "படம் புடிக்கிறதுக்கு எதுக்குண்ணே எலைய வெட்டணும்?"

"கிழிஞ்ச எலை, பழுத்த எலையெல்லாம் குப்பை லா. மேலேருந்து பாக்கிறவன் குப்பைன்னு எழுதிட்டுப் போயிட்டான்னா, அப்புறம் என்கிட்ட வந்து அழாதே."

ஆற்றங்காற்றில் கிழியாத இலை ஏது? அவர் விரல் நீட்டிய இலையெல்லாம் விழுந்தது. கடைசியில் ஒவ்வொரு மரத்திலும் குருத்து மட்டும் ஊதுவத்தி மாதிரி நின்றது. கீழே இருந்த பூசணிக் கொடியைக்கூட இழுத்துப் போடச் சொன்னார். என் கீரைப் பாத்தியும் போயிற்று. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆற்றோரம் முழுக்கச் செம்மண் பெருக்கி, கல்யாணப் பந்தல் போடப் போகிற இடம் மாதிரி இருந்தது. கிரிகரி இடுப்பில் கை வைத்துப் பார்த்து, இப்போதுதான் லட்சணமாக இருக்கிறது என்றார்.

மேகம் வந்தால் படம் விழாது என்றும் அவரே சொல்லியிருந்தார். அதனால் நாங்கள் கோயிலில் அர்ச்சனை செய்தோம். அவர் மாதா முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினார். புதன்கிழமை வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. சாமியைக் குறை சொல்ல முடியாது. கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டார்.

சில மாதம் கழித்து நில ஆபீஸ்காரர்கள் மண்டபத்தில் படத்தை மாட்டி விளக்கக் கூட்டம் வைத்தார்கள். சுவர் அகலத்துக்குப் படம். எங்கள் ஆற்றோரம் பழுப்பு நிறம். வெற்று நிலமாம். அதற்குப் பக்கத்தில் ஒரு லாலான் புல் காடு உண்டு. ஆள் உயரப் புல். பாம்பும் பன்றியும் தவிர யாரும் அதற்குள் போவதில்லை, உடைந்த சோபாவைக் கொட்ட வருகிறவர்களைத் தவிர. படத்தில் அது மரகதம் மாதிரி மின்னியது. பாதுகாக்க வேண்டிய பசுமை என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். அந்தப் பசுமையைப் பார்க்க வருகிறவர்கள் காரை எங்கே நிறுத்துவது? அதற்குத்தான் எங்கள் வெற்று நிலமாம்.

இராஜம்மா எழுந்து மலாயில் கேட்டார். இப்போது வாழை முழுக்கத் தழைத்து நிற்கிறது, அதிகாரி துவான் ஒரு நடை வந்து பார்க்க வேண்டும் என்றார். அதிகாரி நல்ல மரியாதையாகத்தான் பதில் சொன்னார். படம் ஆகாயத்திலிருந்து எடுத்தது, அது வேண்டியவர் வேண்டாதவர் என்று பார்க்காது, நேரில் போய்ப் பார்க்க ஆரம்பித்தால் பிறகு படம் எதற்கு என்றார். இவ்வளவு படித்தவருக்குக் காரில் ஐந்து நிமிடத் தூரம் வருவது கௌரவக் குறைச்சல். படம் எடுத்த அன்று அங்கே பயிர் இருந்தது என்று பொறுப்பான ஆள் யாராவது சொன்னால் யோசிக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

கம்பெனிக்காரர்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கதவோரம் சாவியோடு நின்றிருந்தார் கிரிகரி. மண்டபமே திரும்பியது.

"நீங்கதானேண்ணே வெட்டச் சொன்னீங்க," என்றார் இராஜம்மா. "படத்துக்காக வெட்டினோம்னு அவர்கிட்ட சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

அதிகாரி பார்த்தார். கம்பெனி எஞ்சினியரும் பார்த்தார். படம் எடுக்கும் தேதி வெளியே போனது தெரிந்தால் வேலை போகும். கிரிகரி கழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐ டிரைவர் ஒன்லி, சார்," என்றார்.

அத்தனை வருடத்தில் அவர் சொன்ன ஒரே உண்மை. அதற்கு அந்த நாள்தான் கிடைத்தது. இராஜம்மா சேலையைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. நான் கீரை போடுவதை விட்டுவிட்டு, பாசார் சந்தையில் பூ விற்கப் போனேன். மற்றவர்களும் ஆளுக்கு ஒரு பக்கமாகப் போனார்கள். இராஜம்மா போகவில்லை. டிராக்டர் வரும் முன்பே வாழைக் கன்றுகளைப் பெயர்த்து, பக்கத்து லாலான் காட்டுக்குள் கொண்டுபோய் நட்டார். ரோட்டுப் பக்கம் புல்லை ஒரு விரல்கூட வெட்டவில்லை. உள்ளே வாழை, வெளியே லாலான். மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் பசுமை.

எப்படியோ கிரிகரிக்குத் தெரிந்து, ஒரு மாலை வேனோடு வந்து நின்றார். நானும் அன்று பூச்சரத்துக்கு வாழைநார் வாங்க அங்கே போயிருந்தேன். முகத்தில் பழைய களை வந்திருந்தது. இது பாதுகாக்கப்பட்ட பசுமை, உள்ளே கால் வைப்பதே குற்றம், மேப்பிங் ஆட்களுக்கு இதெல்லாம் தெரியாமல் போகாது என்றார். யாரிடமும் சொல்லாமல் இருக்கத் தன்னால் முடியுமா என்று யோசிப்பதாகவும் சொன்னார்.

இராஜம்மா இலைக்கட்டை இறக்கி வைத்தார்.

"சொல்லுங்கண்ணே. அவங்க வந்து பாக்கட்டும். அன்னிக்கும் அதத்தானே கேட்டேன்."

கிரிகரி நின்றார். பேனாவைத் தொட்டார். பிறகு வேனைத் திருப்பிக்கொண்டு போனார். அவர் போய்ச் சொன்னாரோ இல்லையோ, தெரியாது. பார்க்க மட்டும் யாரும் வரவில்லை. படத்தில்தான் பச்சையாக இருக்கிறதே, எதற்கு வரப்போகிறார்கள்?