பூசணி மூன்றாம் இடம்

மகளுக்கு முதல் பல் முளைத்த அதே கிழமையில் என் கணவரின் கழகம் இரண்டாம் இடத்துக்கு ஏறியது. இரண்டு செய்தியையும் அவர் ஒரே மூச்சில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில், மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் ஐயா, "தம்பி, ஆருக்குப் பல்லு வந்தது, ஆர் இரண்டாவது?" என்று கேட்டாராம்.

கழகம் என்றால் அவருடைய சொந்தக் கழகம் இல்லை. பாரிசில், இரண்டாம் பிரிவில் ஆடுகிற ஓர் உதைபந்தாட்டக் கழகம். சின்ன வயதில், பிரெஞ்சு இன்னும் வாய்க்குள் சரியாக வராத காலத்தில், வகுப்பில் பக்கத்தில் இருந்த பெடியனின் தகப்பன் இவரையும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்று பிடித்தது, விடவில்லை. அந்தக் கழகம் முதலாம் பிரிவுக்கு ஏறி அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. "ஒருக்கா ஏறினால் காணும்" என்பார், ஏதோ நேர்த்தி வைத்தவர் மாதிரி. கலியாணத்துக்குப் பிறகு இந்த வருத்தம் மாறும் என்று நான் நினைத்தேன். பிள்ளைக்கும் சேர்த்துச் சின்னச் சட்டை வாங்கினார்.

பல் விஷயம் என் பொறுப்பு. எங்கள் ஆட்களில் முதற்பல் தெரிந்தால் பல்லுக்கொழுக்கட்டை கொட்ட வேண்டும். பிறை மாதிரி மடித்த கொழுக்கட்டையின் விளிம்பில் தேங்காய்ச் சொட்டுகளைப் பல்லுப் பல்லாய்ச் செருகி அவித்து, பிள்ளையின் தலைக்கு மேலே வெள்ளைத் துணி பிடித்து, அதன்மேல் கொட்டுவது. பிறகு ஒரு தட்டத்தில் பேனை, புத்தகம், நகை, கத்தரிக்கோல் என்று பலதையும் முன்னால் வைப்பார்கள். பிள்ளை எதை முதலில் எடுக்கிறதோ, அதன் எதிர்காலம் அதுதான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. முதுகலை வரை படித்தவள். ஆகவே பல நாட்களாக, காலையில் மகளுக்கு முன்னால் பேனை ஒன்றை மட்டும் வைத்துப் பழக்கிக்கொண்டிருந்தேன். மூடியை விழுங்கிவிடுவாளோ என்று அதற்கு ஒட்டுநாடா சுற்றினேன். பிறகு ஒட்டுநாடாவை விழுங்கிவிடுவாளோ என்று அதைக் கழற்றினேன்.

எங்கள் வீட்டுக்குள் பத்துப் பேர் நின்றால் கதவு திறக்காது. அதனால் பாரிசுக்கு வெளியே ஸ்தேனில் இருக்கும் மச்சாள் வீட்டில், அதாவது என் கணவரின் அக்கா வீட்டில், வைப்பது என்று முடிவானது. நாள் குறிக்க முன்னம் நான் பார்க்காதது ஒன்றும் இல்லை. ராகுகாலம் பார்த்தேன். மச்சாளின் வேலை நேரம் பார்த்தேன். ரயில் பாதையில் திருத்தவேலை இருக்கிறதா என்று பார்த்தேன். கடைசியாக, "என்னப்பா, அந்தச் சனிக்கிழமை உங்களுக்கு ஆட்டம் ஒண்டும் இல்லையே?" என்று கேட்டேன்.

"அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். நாங்கள் இரண்டாவதா நேர ஏறிடுவம்."

"ஏறாட்டி?"

"நீர் வாயை வைக்காதையும்."

கடைசி ஆட்டத்தில் இவர்கள் சமநிலை. மூன்றாவதாய் நின்றவர்கள் வென்று இவர்களைக் கீழே தள்ளிவிட்டார்கள். கணவர் குசினிக்குள் வந்து, மகளின் மரக்கறிக் கூழ்ப் போத்தல்களை எடுத்து மேசையில் அடுக்கினார். எனக்குப் பயமாக இருந்தது.

"இஞ்சை பாரும். உது உருளைக்கிழங்கு, முதலாம் இடம். உது கரட், இரண்டாம் இடம். உவை ரண்டு பேரும் நேர மேல போவினம். இது பூசணி. நாங்கள். மூன்றாம் இடம்."

"அப்ப?"

"அப்ப பராஜ்." தகுதிக்கான கூடுதல் ஆட்டத்துக்கு இங்கே அதுதான் பெயர். "நாலாவது பட்டாணி, அஞ்சாவது போஞ்சி. உவை ரண்டு பேரும் முதல் அடிபடுவினம். வெண்டவன் எங்களிட்டை வருவான். ஒரே ஒரு ஆட்டம். அதிலை வெண்டால், மேல் பிரிவிலை கடைசியிலை இருந்து மூன்றாவதா நிக்கிறவனோடை பிறகும் அடிபடோணும். போஞ்சி எங்களுக்கு எவ்வளவு பின்னால நிண்டதெண்டு தெரியுமே? வருசம் முழுக்க ஓடினவனையும், வாசல் பூட்டேக்கை ஓடிவந்து உள்ளுக்கை பூந்தவனையும் ஒரே கோட்டிலை நிப்பாட்டினால் அது என்ன சட்டம்? மூன்றாவதும் நேர ஏறோணும். சட்டத்தை மாத்தோணும்."

எனக்கு அது சரியாகப் படவில்லை. என் வேலைக்கு நேர்முகம் நடந்தபோது எனக்கு முன்னால் நாலு பேர் இருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராய் வேறிடம் போக, கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். "அஞ்சாவதா நிக்கிறவைக்கும் ஒரு கதவு திறந்திருக்கோணும். இல்லாட்டி அவை பாதி வருசத்திலையே விளையாட்டை விட்டிடுவினம். நான் அஞ்சாவதாத்தான் உள்ளுக்கை போனனான்" என்றேன்.

"அது வேற. உமக்கு முன்னால நிண்டவை தாங்களாப் போனவை. நீர் ஒருத்தரையும் தள்ளி விழுத்தேல்லையே."

குளிக்கும்போதும் அதற்கு ஒரு பதில் தேடிக்கொண்டிருந்தேன். அன்று மாலை மகளுக்குக் கரட் கொடுத்தேன். அவள் முழுவதையும் சாப்பிட்டதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

போஞ்சி பட்டாணியை வென்றது. போஞ்சிக்கும் பூசணிக்கும் ஆட்டம் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு என்று அறிவித்தார்கள். பல்லுக்கொழுக்கட்டைக்கும் அதே சனிக்கிழமை. மைதானம் நகரத்தின் மறு அந்தத்தில்.

"நான் போகேல்லை. பிள்ளையின்ரை விஷயம்" என்றார். சொன்ன விதத்தில் பொய் இல்லை. ஆனால் நுழைவுச்சீட்டை ஏற்கெனவே வாங்கித் தொலைபேசியில் வைத்திருந்தார். அதை விற்கவும் இல்லை.

மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன். நாளை மாற்றலாமா? "மேற்பல்லு வர முன்னம் செய்யோணும். சனத்துக்கும் சொல்லியாச்சு." அவர் இல்லாமல் செய்யலாமா? "தேப்பன் இல்லாமலோ? உனக்கென்ன விசரே?" நேரத்தை முன்னுக்குக் கொண்டுவரலாமா? மூன்று மணிக்குப் பிறகுதான் நல்ல நேரம் என்றா. சரி, மூன்று மணிக்குத் தொடங்கி, பிள்ளை எடுத்ததும் அவர் நாலு மணிக்குப் புறப்பட்டால் போய்ச் சேரலாம். ஆனால் மூன்று மணி என்று சொன்னால் எங்கள் சனம் ஐந்துக்கு வரும். ஆகவே எல்லோருக்கும் ஒரு மணி என்று செய்தி அனுப்பினேன்.

சனிக்கிழமை, மச்சாளின் கீழ்வீட்டுப் பிரெஞ்சுத் தம்பதி சரியாக ஒரு மணிக்குப் பூங்கொத்தோடு வந்து நின்றார்கள். சொன்ன நேரத்துக்கே வருகிற அவர்களை நான் மறந்துபோனேன். மச்சாள் தலையில் துவாயோடு கதவைத் திறந்தா. மாவு பிசைந்த கையோடு நான் அவர்களுக்குத் தோடம்பழச்சாறு ஊற்றிக் கொடுத்தேன். அந்த அம்மா கொஞ்ச நேரத்தில் தானும் எழும்பிவந்து கொழுக்கட்டைக்குப் பல் செருகத் தொடங்கினா. அவ செருகியதெல்லாம் அளந்து வைத்தது போல் நேராக இருந்தது. மற்றவர்கள் மூன்று மணிக்கு வந்தார்கள், பிந்திவிட்டோமே என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே. கணக்குச் சரி.

கொழுக்கட்டை கொட்டியாயிற்று. மகள் அழவில்லை. தட்டத்தை வைத்தோம். பேனை என் கையால், அவளுக்குக் கிட்டவாக. மச்சாளின் கணவர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், எதிரில் கதிரையில் இருந்தபடியே எனக்குச் சொன்னார்:

"பிள்ளை, பேனை கோட்டைத் தாண்டி நிக்குது. ஓஃப்சைட்!"

எல்லோரும் சிரித்தார்கள். பேனையைப் பின்னுக்கு இழுத்தேன்.

மகள் பேனையைப் பார்த்தாள். நகையைப் பார்த்தாள். பிறகு தன் காற்பெருவிரலைப் பார்த்து, அதிலேயே நின்றுவிட்டாள். கணவர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. நாலு மணியும் ஆகிவிட்டது. "செல்லம், இஞ்சை, இஞ்சை" என்று அவர் குனிந்து கை தட்டியபோது, சேட்டுப் பையில் இருந்த மெட்ரோ காட், அதாவது பயண அட்டை, நழுவித் தட்டத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. மகள் ஒரே பாய்ச்சல். காட்டை எடுத்து, அந்த ஒற்றைப் பல்லால் மூலையில் கடித்தாள்.

வீடு சந்தையாகிவிட்டது.

"செல்லாது! தட்டத்திலை வைக்காத சாமான்!" இது மச்சாள்.

"ஏன் செல்லாது? மெட்ரோ ஓட்டப்போறாள். நல்ல ஓய்வூதியம்" என்றார் அண்ணை.

"சும்மா இருங்கோ நீங்கள். இன்னொருக்கா வைப்பம். முதலிலை இருந்து."

எனக்கும் அதுதான் ஆசை. எத்தனை காலைகள் பழக்கிய பேனை. இன்னொரு தரம் வைத்தால் அவள் நிச்சயம் பேனையைத்தான் எடுப்பாள். ஆனால் எப்போது எடுப்பாள்? கணவர் என்னைப் பார்த்தார். பிறகு, நம்ப மாட்டீர்கள், சட்டத்தை மாற்றவேண்டும் என்று கிழமை முழுக்கக் கத்திய அந்த மனிதர் சொன்னார்: "ஓம், இன்னொருக்கா வைப்பம். பாவம், அம்மா பழக்கினவ."

"வேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "எடுத்தது எடுத்ததுதான். அவள் எடுத்திட்டாள். நீங்கள் போங்கோ."

"இல்லையப்பா..."

"கெதியாப் போங்கோ!"

மகளின் கையில் ஒரு கொழுக்கட்டையைத் திணித்துக் காட்டை வாங்கி அவரிடம் கொடுத்தேன். படியில் அவர் காலடிச் சத்தம் கேட்டு முடிய முன்னமே எனக்கு இரண்டாம் யோசனை வந்துவிட்டது. அதற்குள் அவர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்.

அண்ணை தொலைக்காட்சியைப் போட்டார். பந்து எந்தப் பக்கம் போகவேண்டும் என்று தெரியாதவர்கள் எல்லாம் "பூசணி! பூசணி!" என்று கத்தினார்கள். கீழ்வீட்டுத் தம்பதிக்கு அதன் அர்த்தத்தை அண்ணை விளக்கியதும் அவர்களும் "பூசனி" என்றார்கள். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரத்திலும் ஒன்றுக்கு ஒன்று. பிறகு பெனால்ட்டி. போஞ்சி வென்றது.

நான் எழும்பி நின்றேன். "இது என்ன அநியாயம்! இரண்டு மணித்தியாலமா ஒருத்தரும் இவையை வெல்லேல்லை. வருசம் முழுக்க முன்னுக்கு நிண்டவை இவை!"

"அஞ்சாவதுக்கும் கதவு திறந்திருக்கோணும் எண்டு ஆரோ சொன்னவையாம்" என்றா மச்சாள். தம்பி அக்காவுக்கு ஒன்றையும் ஒளிப்பதில்லை.

பிள்ளையின் தள்ளுவண்டிலும் மிச்சக் கொழுக்கட்டையும் இருந்ததால் அவர் எங்களைக் கூட்டிப்போகத் திரும்பி ஸ்தேனுக்கு வந்தார். ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது வெளிச்சம் இன்னும் முழுதாய்ப் போகவில்லை. தொடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தாராம். கோல் விழுந்தபோது பக்கத்தில் இருந்த தெரியாத ஒருவர் அவரைத் தூக்கினாராம். சொல்லும்போது முகம் மலர்ந்துதான் இருந்தது. கண் மட்டும் சிவந்திருந்தது.

"உந்தச் சட்டத்தை மாத்தோணும்" என்றேன். "கதவைப் பூட்ட வேண்டாம். ஆனால் ஆட்டம் சமநிலையிலை முடிஞ்சால் மூன்றாவதா வந்தவைதான் வெண்டதெண்டு வைக்கோணும். வருசம் முழுக்க ஓடினதுக்கு அதுகூட இல்லையே?"

அவர் வண்டிலை நடைபாதைக்கு ஏற்றினார். "வெளியிலை வரேக்கை ஒரு போஞ்சிக்காரன் மகளைத் தோளிலை வைச்சுக்கொண்டு அழுதுகொண்டு போறான். உம்மடை அஞ்சாம் ஆள்."

"அவையைப் பற்றி என்னோடை கதைக்காதேங்கோ."

சிரித்தார். "பிறகு பேனையை எடுத்தவளே?"

"வைக்கேல்லை."

"அக்கா விட்டவவே?"

"நான் விடேல்லை."

நிலையத்தில் அவர் காட்டை இயந்திரத்தில் வைத்தார். பின்னேரம் முழுக்க வேலை செய்தது, இப்போது சிவப்பு விளக்கு. மூலையில் சின்னதாய் ஒரு பல் அடையாளம். மகள் வண்டிலில் வாய் திறந்து நித்திரை. அவர் காட்டைக் காற்சட்டையில் துடைத்து, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னொருக்கா வையுங்கோ" என்றேன்.