ஐயா மெத்தையோடு வந்த நாள்

ஐயா கொழும்பிலிருந்து வந்து இறங்கிய அன்று, வள்ளத்திலிருந்து கரைக்கு வந்தவை ஒன்பது சாமான்கள். அக்கா இன்றைக்கும் எட்டு என்கிறார். அவர் குடையைச் சேர்ப்பதில்லை. குடையும் சாமான்தான்.

எண்ணப் பழக்கியவரே ஐயாதான்; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கொழும்பில் கிளாக்கர்; சித்திரையிலும் மார்கழியிலும் லீவில் வருவார். ஊர்காவற்றுறையிலிருந்து வரும் வள்ளம் அனலைதீவுக் கரையைத் தொட்டதும், "எண்ணடா, எல்லாம் வந்திட்டுதோ?" என்பார். வழக்கமாக மூன்று: சூட்கேஸ், குடை, பிஸ்கட் பெட்டி. "மூண்டும் சரி, ஐயா" என்றால் ஒரு பிஸ்கட் கிடைக்கும்.

அந்த முறை ஆவணியில் வந்தார். ட்ரங்குப் பெட்டி, சூட்கேஸ், மண்ணெண்ணெய் அடுப்பு, வாளி, முகம் பார்க்கும் கண்ணாடி, புத்தகக் கட்டு, சாய்ந்து இருக்கும் சாய்மனைக் கதிரை, குடை, கயிற்றால் சுற்றிக் கட்டிய மெத்தை. பிஸ்கட் இல்லை. எண்ணச் சொல்லவும் இல்லை. நானாகவே எண்ணிவைத்துக்கொண்டேன்.

"ஆர் கேட்டாலும் ஐயா ஒரு மாத லீவிலை நிக்கிறார் எண்டு சொல்லு" என்றார் அம்மா.

கொழும்பைப் பெருப்பித்தவன் வெள்ளைக்காரன். துறைமுகத்தைக் கட்டி, கோட்டையில் அரசாங்கக் கந்தோர்களை எழுப்பி, ஆங்கிலத்தில் கடிதம் எழுத ஆள் தேடினான். எங்கள் தீவில் அப்போது நல்ல தண்ணீர்க் கிணறுகள் ஆறு. கொழும்பில் இருந்த எங்கள் ஊர்க் கிளாக்கர்மார் பதினேழு பேர். ஒரு உத்தியோகக் கதிரையில் இருந்தவர், பக்கத்துக் கதிரை காலியானதும் ஊரிலிருந்து இன்னொருவரை இழுத்துவிடுவார். வெள்ளைக்காரன் போன பிறகு முதலில் சுவரிலிருந்த படம் மாறியது. பிறகு வாசல் பலகை. பிறகு கோப்புகளின் மொழி. சிங்களச் சோதனையில் தேறாதவருக்குச் சம்பள உயர்வு இல்லை, கடைசியில் கதிரையும் இல்லை. இவையெல்லாம் நான் பின்னாளில் வாசித்து அறிந்தவை. அன்றைக்கு நான் கண்டிருந்த கொழும்பு, பிஸ்கட் பெட்டி மூடியிலிருந்த மணிக்கூட்டுக் கோபுரம் ஒன்றுதான்.

அக்காவுக்கு வேலணையில் ஒரு சம்பந்தம் ஒப்பேறியிருந்தது. மாப்பிள்ளைக்குக் கொழும்பில் ஒரு வேலை எடுத்துக் கொடுப்பதாக ஐயா வாக்குக் கொடுத்திருந்தார். எங்களிடம் இருந்த பெரிய சீதனம் அந்த வாக்குத்தான். கலியாண எழுத்து முடியும்வரை ஐயா கதிரையை இழந்தது வெளியே தெரியக்கூடாது. அது ஏமாற்றுத்தான். நான் நியாயப்படுத்தவில்லை.

வந்த ஆறாம் நாள் பின்னேரம் மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். அவரும் கொழும்பில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர்.

"எவ்வளவு நாள் லீவு?"

"ஒரு மாதம்" என்றார் ஐயா.

"ஆவணியிலை ஒரு மாதமோ! எங்கடை காலத்துத் துரை, மூண்டு நாள் கேட்டாலே செத்த ஆளைக் கூட்டிக்கொண்டு வா எண்டுவான்."

இருவரும் சிரித்தார்கள். அக்கா குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றார். மாமன் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி கணக்கிலை புலியாம். ஐயா உமக்கு என்ன கொண்டு வந்தவர்?"

"எனக்கு ஒண்டுமில்லை. ஆனா மொத்தம் ஒன்பது சாமான். மற்ற நேரம் மூண்டுதான்."

கேளாமலே விரல் மடக்கி ஒவ்வொன்றாக ஒப்பித்தேன். ஒன்பதாவதாக மெத்தையைச் சொன்னேன்.

"மெத்தையுமோ?"

"ஓம். அதுதான் சரியான பாரம்."

அவர் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்தார். கொழும்புப் போர்டிங்கில் பலரோடு ஒரே அறையில் படுத்து எழும்பியவருக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. லீவில் போகிறவன் மெத்தையைக் கட்டிலிலேயே விட்டுப்போவான். இல்லாவிட்டால் அந்த இடத்தில் வேறொருவன் வந்து படுத்துவிடுவான்.

வெளியே போகும்போது வாசல் படலையடியில் ஐயாவிடம், "லீவிலை வாற மனிசன் மெத்தை காவிக்கொண்டு வாறேல்லை, என்ன?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

அம்மா அகப்பையோடு என்னிடம் வந்தார். "விடும். பிள்ளை பிழையாய் எண்ணேல்லையே" என்றார் ஐயா.

அவர் வந்துபோன நாலாம் நாள், சரிவராது என்று வேலணையிலிருந்து ஆள் வந்தது. பிறகு அக்காவுக்கு வந்த பேச்சுகள் மூன்று. ஒன்றும் பொருந்தவில்லை. இன்றைக்கும் என்னோடுதான் இருக்கிறார்.

மறைக்க இனி ஒன்றுமில்லை என்றானதும் ஐயா வாசிகசாலைக்குப் போகத் தொடங்கினார். "சிங்களம் படிக்கமாட்டன் எண்டு எழுதிக் குடுத்திட்டு எழும்பி வந்தனான்" என்று அங்கே சொன்னார். அன்றிலிருந்து பேப்பர் வந்தால் முதலில் ஐயாவின் கையில்தான் கொடுத்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

மழை விட்ட ஒருநாள், மெத்தையை வெயிலில் போடும்படி அம்மா சொன்னார். கயிற்றை அவிழ்த்து உதறியபோது, உறைக்குள்ளிருந்து ஒரு கொப்பி விழுந்தது. காசுத்தாளில் தமிழோடு இருக்கிற மற்ற எழுத்தைப் போல உருண்டை உருண்டையான எழுத்துகள். எனக்கு ஒன்றும் வாசிக்கத் தெரியவில்லை. ஆனால் ஐயாவின் பேனை மை அது, வரி தவறாத அவருடைய அழுத்தம் அது. பக்கத்துக்குப் பக்கம் அதே வரிகள், இடையிடையே வேறொருவர் போட்ட சிவப்புக் கோடுகள். எண்ணினேன். நாற்பத்தொரு பக்கம். கடைசிப் பக்கத்தின் அடியில், சிவப்பு மையில் வட்டமிட்டு 22 என்று இருந்தது. அது மட்டும் எனக்கு விளங்கும் இலக்கம். ஏன் வட்டமிட்டார்கள் என்று தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் பிழை விட்டவனுக்குத்தான் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதக் கொடுப்பார்கள். எனக்குக் கிடைத்ததில் ஆகக் கூடியது பத்துப் பக்கம். கொப்பியை உறைக்குள் திரும்ப வைத்துவிட்டு, வெயிலில் மெத்தைக்குக் காவல் இருந்தேன். நாற்பத்தொரு பக்கம் எழுத வேண்டிய அளவுக்கு ஐயா அங்கே என்ன குழப்படி செய்திருப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.