அடி வராத ஆழம்

இட்டுக்கட்டிய கதை என்று நினைப்பவர்கள் ஸ்கந்தபுரத்துக்குப் போய் ஐயாத்துரையைக் கேட்கலாம். 1998, சித்திரை பன்னிரண்டு. நடந்தது பட்டப்பகலில்.

ஐயாத்துரை ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பலில் ஆறு வருடம் வேலை செய்தவர். அந்தக் கப்பலிலிருந்து ஒரு சிறிய நீர்மூழ்கியில் இரண்டு பேரை ஆழ்கடலுக்கு இறக்குவார்கள், அடியிலுள்ள மண்ணையும் உயிர்களையும் ஆராய. அதை ஓட்டுபவன் பீட்டர். அரை மணிக்கொரு தடவை அவன் கீழேயிருந்து ஆழத்தைச் சொல்ல, மேலே ஒலிபெருக்கிக்கு முன்னால் இருந்து பதில் சொல்வது ஐயாத்துரை.

லீவில் வந்தவர் வன்னிக்குள் அகப்பட்டுக்கொண்டார். சண்டையால் பாதை பூட்டு. வெளியே போக அனுமதிக்கும் பாஸுக்கு ஏழு மாத அலைச்சல். அன்றும் பாஸ் அலுவலகத்தில், "அடுத்த கிழமை வாங்கோ."

ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்தார். செய்தியாவது கேட்கலாம். பற்றறி இல்லாத காலம். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோ வயரை ரேடியோவில் கொழுவினார். மனைவி சிவலட்சுமி ஏறியிருந்து பெடலை உழக்கினாள்.

மணி 2.10.

கர்ர்ர்... பிறகு ஆங்கிலத்தில் ஒரு குரல்.

"ஆழம் இரண்டாயிரத்து எண்ணூறு மீற்றர். அடி வரவில்லை."

பீட்டர்!

ஐயாத்துரை ரேடியோவுக்குக் கிட்டப் போய்க் குனிந்தார். தண்ணீருக்குள்ளால் வெறும் ஒலியாக வரும் அந்தக் குரல் கப்பலைத் தாண்டாது. ரேடியோவில் வரவே முடியாது.

2.40.

"மூவாயிரத்து நானூறு. அடி வரவில்லை. ஐயாத்துரை, கேட்கிறதா?"

நீர்மூழ்கி தாங்குவதே மூவாயிரம்தான். அடியில் கொழுவிய இரும்புப் பாரத்தைக் கழற்றிவிட்டால் தானாக மேலே வரும்.

"பாரத்தைக் கழட்டடா!" ரேடியோவைப் பார்த்துக் கத்தினார். பதற்றத்தில் தமிழ்தான் வந்தது.

"ஆரோடை கத்திறியள்? அது ரேடியோ எல்லோ?"

"நீ உழக்கு!"

3.10.

"நாலாயிரத்து நூறு... ஐயாத்துரை?"

ரேடியோவை இரண்டு கையாலும் உலுப்பினார். பாஸ் கிடைத்திருந்தால் இப்போது கப்பலில், ஒலிபெருக்கிக்கு முன்னால் அந்தக் கதிரையில் இருந்திருப்பார். ஒரு சொல்... ஒரேயொரு சொல் போய்ச் சேர வழியில்லை. தலையில் அடித்துக்கொண்டார்.

"இஞ்சாருங்கோ..."

"என்ன?"

"நான் மூண்டு மணிக்கே உழக்கிறதை விட்டிட்டன்."

திரும்பிப் பார்த்தார்.

சைக்கிள் சில்லு அசையவில்லை.

3.40.

"நாலாயிரத்து எண்ணூறு... அடி..."

டக்.

ஆடி மாதம் கப்பல் நண்பன் ஒருவனிடமிருந்து கடிதம் வந்தது. சித்திரை பன்னிரண்டு, காலை ஒன்பது மணி. ஆயிரத்து இருநூறு மீற்றரில் நீர்மூழ்கி நொறுங்கிவிட்டது. பீட்டரும் கூடப் போனவரும் அந்த நொடியிலேயே முடிந்துவிட்டார்கள். பின்னேரம், அணைக்க மனமில்லாமல் விட்ட ஒலிபெருக்கியில் ஓர் ஆண் விளங்காத மொழியில் கத்தியதைக் கப்பலில் எல்லோரும் கேட்டார்களாம்.

கடைசி வரியை ஐயாத்துரை இரண்டு தரம் வாசித்தார்.

உடைந்த துண்டுகளைத் தேடியெடுப்பது கஷ்டமாக இருக்கவில்லை, அந்த இடத்தில் கடலின் ஆழமே இரண்டாயிரத்து அறுநூறு மீற்றர்தான் என்று எழுதியிருந்தது.