விழுந்ததா, தள்ளிவிட்டாங்களா?

வரி வருடம் முடியும் மார்ச்சின் கடைசிப் பதினைந்து நாட்களில் பவர் அக்கா சாப்பாட்டு டப்பாவை இடது கையால்தான் திறப்பார். வலது கை செல்போனில், அந்த ஆண்டு அடிமட்டத்துக்கு இறங்கிய பங்குகளை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருக்கும். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவர் வேலை. பட்டப்பெயர் அதில் ஒட்டிக்கொண்டது.

எந்தப் பங்கைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "இது தானா விழுந்துச்சா, தள்ளிவிட்டாங்களா?"

பங்கில் லாபம் பார்த்தவர்கள் வரி கட்ட வேண்டும். நஷ்டத்தில் கிடப்பதை வருடம் முடிவதற்குள் விற்றால், அதை லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். ஊரே ஒரே நேரத்தில் விற்கும்போது நல்ல பங்கும் சேர்ந்து சரியும். புது வருடத்தில் சில எழும், சில எழாது. எது எழும் என்று துப்பறிவதில்தான் அக்காவுக்கு ருசி. செருப்புக் கம்பெனி என்றால் பஸ்ஸில் எல்லோர் காலையும் பார்த்துக்கொண்டே வருவார்.

போன மார்ச் கடைசியில் அண்ணன் போன் செய்தார். வரி கழுத்தைப் பிடிக்கிறதாம், பெயின்ட் கம்பெனிப் பங்குகளைத் தலைமுழுகப் போகிறாராம். அக்கா மறுநாளே மூன்று பெயின்ட் கடை ஏறி இறங்கினார். அந்தக் கம்பெனி வாளிகள் வந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. அண்ணனிடம் சொல்லிப் பார்த்தார். தங்கை சொல்லி அண்ணன் கேட்ட சரித்திரம் அந்தக் குடும்பத்தில் இல்லை.

"அப்ப ஒண்ணு சொல்லிடறேன் அண்ணா. நீ வித்தா நான் வாங்குவேன். அப்புறம் மனசுல வச்சுக்கக் கூடாது."

"தாராளமா வாங்கிக்கோ. நான் கழிச்சுப் போட்டது உனக்காவது ஆகட்டும்."

பல் கட்ட வைத்திருந்த பணத்தில் அக்கா வாங்கினார். இரண்டு வாரம் அது மேலும் இறங்கியது. பிறகு ஏறியது, ஒன்றரை மடங்கானது. ஞாயிறு தவறாத அண்ணனின் போன் நின்றுபோனது. அக்கா கூப்பிட்டால் அண்ணிதான் எடுத்தார். நான்கு ஞாயிறும் அண்ணன் குளித்துக்கொண்டிருப்பதாகவே சொன்னார்.

ஐந்தாவது வாரம் அண்ணன் கடைக்கே வந்துவிட்டார். எழுத்து மங்குகிறது என்று மருத்துவர் சீட்டை நீட்டினார். லென்ஸ் தயாராகும்வரை இருவரும் பெயின்ட் தவிர எல்லாவற்றையும் பேசினார்கள். புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டபோது, சுவரைப் பார்த்தபடி அண்ணன் சொன்னார்: "அடுத்த தடவை விக்கறதுக்கு முன்னாடி உன்னை ஒரு வார்த்தை கேக்கறேன்."

அக்கா, ஏழு வயது மூத்தவரின் தாடையை இரண்டு விரல்களால் பிடித்து, சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்க்க, முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.