வெறும் வண்டியைத் தள்ளக் கூடாது

குழந்தைகளை உட்காரவைத்துத் தள்ளும் வண்டி விற்கிற கடையில் நானும் மனைவியும் இரண்டு வயது மகளும் இருந்தோம். இரட்டை வண்டியின் ஓர் இருக்கையில் மகள் உட்கார்ந்துவிட்டாள்; இன்னோர் இருக்கைக்கு உரியவர் மட்டும் வரவில்லை; பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

நான் அலுவலகம் போனபின் இரண்டு பிள்ளைகளையும் அவள் தனியாகத்தான் வெளியே கூட்டிப்போக வேண்டும். வண்டி லேசாக ஓடுகிறதா என்று அவளே தள்ளிப் பார்க்கட்டும் என்றேன். கைப்பிடியைத் தொட்டவள் நின்றுவிட்டாள்.

"வெறுந்தொட்டில ஆட்டக் கூடாதுங்க."

"இது தொட்டில் இல்லம்மா, வண்டி."

"படிச்சவரு சொல்லிட்டாரு!" என்றவள், லக்ஷ்மிபாய் நகர் சந்தையில் வாங்கிய காலிஃபிளவரைப் பையிலிருந்து எடுத்து வெற்று இருக்கையில் வைத்தாள்.

"அச்சா அண்ணா, இவருக்கும் பெல்ட் போட்டுடுங்க," என்று கடைக்காரர் இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் குனிந்து பெல்ட்டை மாட்டினேன். அவள் தள்ள, குளிர்கால வெயிலுக்குள் வண்டி சத்தமில்லாமல் மிதந்து போனது. மகள் பக்கத்திலிருந்த வெள்ளைத் தலையைத் தடவிக்கொடுத்தாள். எனக்கு அங்கே இரண்டு பிள்ளைகள் தெரிந்தார்கள்.

"ஒரு கையிலயே வருதுங்க," என்றாள் அவள்.

பேரம் பேசவும் மறந்து, கேட்ட விலையையே கொடுத்தேன்: பதினோராயிரத்து எண்ணூறு ரூபாய்.