வெள்ளைக் கூரை

மியூரியல் கனகரட்ணம் யாழ்ப்பாணத்தில் ஒரு கட்டட ஒப்பந்தகாரரிடம் பதினாறு வருடம் கட்டட வரைபடம் கீறினாள். தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்டது. கரண்ட் நின்றது. சீமெந்துக்கும் கம்பிக்கும் தடை வந்தது. ஒப்பந்தகாரர் கந்தோரைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார். படுக்கையில் கிடந்த தாயை விட்டுவிட்டு அவளால் எங்கும் போக முடியவில்லை.

அடுத்த வருடம் நமசிவாயம் அதிபர் அவளைத் தேடி அச்சுவேலிக்கு வந்தார். அவருடைய தொழிற்கல்லூரி இருந்த இடம் சண்டைக்குள் அகப்பட்டுவிட்டதால், அச்சுவேலிக்கு வெளியே ஒரு தோட்டக் காணியில் தகரக் கொட்டகை போட்டுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வெயில் நாளில் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள்.

“சீமெந்து இல்லை. விளக்குக் கொளுத்த மண்ணெண்ணெயும் இல்லை. ஆறு வகுப்பறை வேணும், பிள்ளை.”

“அப்ப வெளிச்சத்தையும் காத்தையும்தான் நம்பவேணும், சேர்.”

இரண்டு கிழமை அந்தக் காணியிலேயே நின்று, நிழல் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று குறித்தாள். மேற்கு வெயில் ஒடுங்கிய சுவரில் மட்டும் விழும்படி கட்டடத்தைக் கிழக்கு மேற்காக நீட்டினாள். சுவருக்குச் சுண்ணாம்புக் கல், கூரைக்குப் பனைமரமும் பழைய ஓடும். முகட்டுக்குக் கீழே சூடு வெளியேறத் துவாரங்கள் விட்டாள். விளக்கில்லாமல் பிள்ளைகள் படம் கீறவேண்டுமே என்று யன்னல்களை வழக்கத்தைவிட ஒன்றரை அடி அகலமாக்கினாள். கடைசியாக, வெக்கை உள்ளே இறங்காமல் இருக்க ஓட்டுக்கு மேல் வெள்ளை அடிக்கச் சொன்னாள்.

மேசன் பஞ்சலிங்கம் வாளியைக் கீழே வைத்தார்.

“மிஸ், உந்த வெள்ளை மேலை பிளேனிலையிருந்து பார்த்தால் தெரியுமெல்லோ?”

“தெரியட்டும் அண்ணை. பள்ளிக்கூடம் எண்டு தெரிஞ்சால் விட்டிட்டுப் போவாங்கள்.”

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். வெள்ளை அடித்தார்.

தொண்ணூற்றிரண்டில் வகுப்புகள் தொடங்கின. நடுப்பகலில் உள்ளே சூடு கொட்டகையைவிட ஆறு பாகை குறைவாக இருந்தது. வேறு பள்ளிக்கூடத்து அதிபர்களும் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த ஒரு வருடம் மியூரியல் சந்தோஷமாக இருந்தாள்.

அடுத்த புரட்டாதியில் ஒரு காலை பொம்மர் வந்தது. முதல் குண்டு வாழைத் தோட்டத்தில் விழுந்தது. பதுங்குகிற பங்கர் குழி காணியின் மறுகோடியில் இருந்தது. பிள்ளைகள் அதை நோக்கி ஓடினார்கள். யன்னலோரம் இருந்து படம் கீறிக்கொண்டிருந்த பாலேஸ்வரி எழும்புவதற்குள் இரண்டாவது குண்டு கிணற்றடியில் வெடித்து, அதன் சிதறல் யன்னலால் உள்ளே வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவள் இறந்தாள். வயது பத்தொன்பது.

வெள்ளைக் கூரைதான் காட்டிக் கொடுத்தது என்று செத்தவீட்டிலேயே சனம் கதைத்தது. மியூரியலின் முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்லவில்லை. எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாள் பாலேஸ்வரியின் தகப்பன் ஏரம்பு மியூரியலின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“சண்டை பிடிக்க வரேல்லை, பிள்ளை. ஒண்டு கேக்கவேணும். கூரை வெள்ளையாய் இருந்தபடியாலைதானோ என்ரை பிள்ளைக்கு இப்பிடி நடந்தது?”

“தெரியாது, ஐயா.”

“கீறின உங்களுக்கே தெரியாட்டி நான் ஆரைப் போய்க் கேக்கிறது?”

ஏரம்பு திரும்பிப் போனார். யன்னலைப் பற்றி அவர் கேட்கவில்லை. வேறு எவருமே கேட்கவில்லை. யன்னலில் கூட்டின அந்த ஒன்றரை அடியை மியூரியல் மட்டுமே நினைத்தபடி இருந்தாள்.

அடுத்த நாள் பஞ்சலிங்கத்தோடு தானும் ஏணியில் ஏறி, ஓடுகளுக்குச் சாணியும் கரியும் குழைத்துப் பூசினாள். யன்னல்களில் பாதிக்குமேல் மண்மூட்டை அடுக்கினார்கள். வகுப்பறை இருண்டு, மறுபடியும் வெக்கை ஏறியது. பிள்ளைகள் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். மியூரியல் அந்தப் பக்கம் போவதையே விட்டாள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி நெருங்கிவர, அச்சுவேலி இருந்த வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தது. அதற்கு முந்திய மாரியில் தாய் இறந்திருந்தாள். மியூரியல் ஒரு பையோடு சனத்துக்குள் தனியாக நடந்து சாவகச்சேரிக்கு வந்து சேர்ந்தாள். மூன்றாம் கிழமை நமசிவாயம் அவளைக் கண்டுபிடித்தார். மெலிந்து போயிருந்தார்.

“பள்ளிக்கூடம் நடத்த ஒரு தென்னங்காணி தந்திருக்கினம். நாற்பது பிள்ளையள் வந்து கேக்குதுகள்.”

“என்னாலை ஏலாது, சேர்.”

“வந்து பாருமன் ஒருக்கால்.”

போனாள். ஒரு பகல் முழுக்க அந்தக் காணியில் காலடி எண்ணி நடந்தாள். பிறகு பழைய கொப்பித் தாளில் கோடு கீறத் தொடங்கினாள். எட்டிப் பார்த்த நமசிவாயத்துக்கு நாலு நீளப் பங்கர்கள் மட்டும்தான் தெரிந்தன.

“வகுப்பறை எங்கை, பிள்ளை?”

“இதுகளை முதல் வெட்டுவம். பிள்ளையள் இருக்கிற இடத்தைப் பிறகு பாப்பம்.”

அவர் மண்வெட்டி தேடிப் போனார்.