உடல் இல்லாத பெயர்கள்

கலியாணம் கட்டிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் தீராத வழக்கு ஒன்று உண்டு. செத்தபிறகு எரிப்பதா, புதைப்பதா? நான் யாழ்ப்பாணத்துச் சைவம், என் கணவர் மன்னார்க் கத்தோலிக்கர். கோயிலுக்கும் போவோம், சேர்ச்சுப் பூசைக்கும் போவோம். பொங்கலும் கிறிஸ்மஸ் கேக்கும் லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரே அடுப்பில்தான் வேகின்றன. இந்த ஒன்றில் மட்டும் இருவரும் இறங்கி வந்ததில்லை.

"எரிச்சுச் சாம்பலைக் கடலில விட்டா அலுவல் முடிஞ்சுது" என்பேன். கடல் என்றதும் அவர் முகம் மாறிவிடும்.

அவருடைய அப்பா மீன்பிடிக்கப் போய்த் திரும்பி வராதவர். உடலும் கரைக்கு வரவில்லை. நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாளன்று ஊரே சேமக்காலைக்குப் போய், அவரவர் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும். மாமி மட்டும் பிள்ளைகளோடு நடுவிலுள்ள பெரிய சிலுவையடியில் ஏற்றுவாராம். சொந்தமாக ஒரு கல் இல்லாத வெட்கம் என் கணவருக்கு இன்னும் போகவில்லை. தனக்கென்று ஒரு கல் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நிற்பது அதனால்தான். எனக்கு அது விளங்கும். ஆனால் அவர் மண்ணுக்குள்ளே தனியாக, நான் எங்கேயோ சாம்பலாக என்று கிடப்பதை நினைக்கவே எனக்குப் பயம். அந்தப் பயத்தில்தான் சண்டை பிடித்தேன்.

போன மாரிக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு அந்த வழக்கை நாங்கள் பகிடிக்கும் எடுப்பதில்லை.

உடம்பு தேறியதும் கடலைப் பார்க்க வேண்டும் என்றார். மரக்கறி ரோல்ஸைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறி, இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு பழைய துறைமுக நகரத்துக்குப் போனோம். துறைமுகத்தைப் பார்த்து முடித்ததும் அவர் மேட்டைக் காட்டினார்.

"அங்க ஒரு பழைய சேமக்காலை இருக்காம். பாப்பமே?"

"பாக்கிறதுக்கு உங்களுக்கு வேற இடம் கிடைக்கேல்லையோ?"

எங்கள் ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. லண்டனில் பிணம் எரிக்கிற கிரமட்டோரியம் வரை போயிருக்கிறேன், ஆனால் அது கதிரை போட்ட மண்டபம், அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்தச் சடங்குகளில் நான் சரியான கண்டிப்பு. ஒருமுறை ஹவுன்ஸ்லோவில் ஒரு செத்தவீட்டில் இவர் வாசலில் நின்று, "அப்ப போயிட்டு வாறம்" என்று சொல்லிவிட்டார். செத்தவீட்டில் அப்படிச் சொன்னால் மறுபடியும் அங்கே சாவுக்கு வருவதாக ஆகிவிடாதா? சொல்லாமல் கிளம்ப வேண்டும். அன்று நான் கிள்ளிய கிள்ளலை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

ஒப்பரேஷன் செய்த மனுசனைத் தனியே ஏற விட மனமில்லாமல் பின்னால் போனேன். சேமக்காலைக் கதவைத் தாண்டியதும் அப்படியே நின்றேன்.

மேடு முழுக்கக் கற்கள். கடலைப் பார்த்தபடி, சரிந்தும் நிமிர்ந்தும், பாசி பிடித்தும், நூற்றாண்டுக் காற்றில் எழுத்துத் தேய்ந்தும் நின்றன. நடுவே பெரிய மரங்கள். கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பயப்படத் தயாராக வந்தவளுக்குப் பயமே வரவில்லை. பெரிய கோபுரத்தின் கீழே நிற்கும்போது வருமே, ஒரு ஒடுக்கம், அதுதான் வந்தது. நடைபாதையில் பதித்திருந்த ஒரு பலகைக்கல்லைத் தெரியாமல் மிதித்துவிட்டு, "ஐயோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று தமிழிலேயே மன்னிப்புக் கேட்டேன். செத்தவருக்கு எந்தப் பாஷையும் விளங்கும் என்று அந்த நேரம் தோன்றியது.

முன்னால் போன கணவர் ஒரு கல்லின் முன் நின்றுவிட்டார். கூப்பிட்டும் திரும்பவில்லை. நெஞ்சு நோகிறதாக்கும் என்று ஓடிப் போனேன்.

"இதை வாசியும்" என்றார்.

நங்கூரம் செதுக்கிய கல். மேலே ஒரு மாலுமியின் பெயர், கடலில் மறைந்தவர். அடுத்தது அவர் மகன், அவனும் கடலில் மூழ்கியவன். கடைசியாக மனைவி. அவளுக்குக் கீழே மட்டும்தான் 'இங்கே துயில்கிறாள்' என்று இருந்தது. அவளுடைய கல்லில், அவள் தலைக்கு மேலே, வராதவர்கள் இருவரையும் எழுதி வைத்திருந்தார்கள்.

பக்கத்துக் கல்லைப் பார்த்தோம். அதிலும் அப்படி ஒரு பெயர். அதற்கடுத்த வரிசையிலும் இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உடலே இல்லாத இவ்வளவு பேருக்கு இங்கே இடமா? உடல் கிடைக்காவிட்டால் என்ன, நீ எங்கள் வீட்டு ஆள்தான் என்று ஊரே கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. மன்னாரில் ஒருவருக்கும் தோன்றாத சங்கதி. எனக்கும் இத்தனை வருடச் சண்டையில் தோன்றவில்லை.

அவர் அந்த மாலுமியின் பெயரில் கையை வைத்துக்கொண்டு அழுதார். ஒப்பரேஷனுக்குக்கூட அழாதவர். நானும் அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "என்ர கல்லில அப்பாவின்ர பேரையும் போடுவீரோ?"

முந்திப் போவது தான், கல் வைக்க வேண்டியவள் நான் என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

"மேல அவற்ற பேர், கீழ உங்கட பேர். அதுக்குக் கீழ இடம் விடச் சொல்லுங்கோ."

"ஆருக்கு?"

"எனக்குத்தான். என்னை எரிச்சுச் சாம்பலைக் கடலில விடட்டும், மாமாவோட இருப்பன். பேர் உங்களோட இருக்கட்டும்."

அவர் என் கையை எடுத்துத் தன் சட்டைக்கு மேலே, தையல் போட்ட இடத்தில் வைத்துக்கொண்டார்.

ரயிலுக்கு நேரமானது. கிளம்பும்போது அந்தக் கல்லைத் தொட்டு, பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன், "அப்ப போயிட்டு வாறம்."

அவர் சிரித்தார். "இஞ்ச அப்பிடிச் சொல்லக்கூடாதெண்டு எனக்குக் கிள்ளினது ஆர்?"

"ஓம், சொல்லக்கூடாதுதான்" என்றேன். சொன்னதை நான் திருப்பி எடுக்கவில்லை.